சீரியலில் வரும் போனும் வீட்டில் இருக்கும் போனும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வியாசர்பாடியில் வீடு. அம்மா மாலையில் உட்கார்ந்தால் இரவு பத்து வரை சீரியல். அதில் ஒரு பெண்ணின் போட்டோவை மார்ஃபிங் செய்து மிரட்டும் கதை ஓடியதிலிருந்து, கல்லூரியில் சேர்ந்திருக்கும் தங்கைக்கு ஸ்மார்ட்போன் கூடாது என்கிறார். நீங்கள் போட்டுக் கொடுத்த கூகுள் பேவையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டார். "டிவி நாடகங்களில் காட்டும் டெக்னாலஜி எவ்வளவு உண்மை?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவின் பயத்தில் நாடகம் கொடுத்தது எவ்வளவு, நியாயமானது எவ்வளவு, அதற்கு வீட்டில் என்ன செய்வது? இரண்டுக்குமே பதில் சொல்லப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தொலைபேசித் துறையில் 1980களில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, பெரும்பாலும் வட சென்னை எக்ஸ்சேஞ்சுகளில் வேலை பார்த்து, 2020 ஜனவரி கடைசியில் பிஎஸ்என்எல் விருப்ப ஓய்வில் வெளியே வந்த பெருங்கூட்டத்தில் ஒருவன். தண்டையார்பேட்டை வாசி. சுவிட்ச், டவர், அழைப்புப் பதிவு, இவை எனக்குக் கை பழகியவை. தடயவியல் ஆய்வகமும் கோர்ட்டும் என் வேலை இல்லை, அங்கே படித்ததை வைத்துத்தான் பேசுகிறேன். சீரியல் விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே தகுதி, எங்கள் வீட்டிலும் டிவி இருக்கிறது என்பதுதான்.

முதலில் சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியவை. கடத்தல்காரன் போன் செய்வான். போலீஸ்காரர் "பேசிக்கிட்டே இருங்க" என்று சைகை காட்டுவார். ஒரு நிமிடம் ஆவதற்குள் அவன் வைத்துவிடுவான், "சே, ஜஸ்ட் மிஸ்" என்று மேசையைக் குத்துவார்கள். இது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்த விஷயம். ஸ்ட்ரோஜர் என்கிற பழைய இயந்திர எக்ஸ்சேஞ்சில் ஓர் அழைப்பு நடக்கிறது என்றால், வரிசையாக நிற்கும் செலக்டர்கள் என்கிற சுவிட்சுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று அர்த்தம். எங்கிருந்து வந்த கால் என்று பார்க்க ஓர் ஆள் ரேக்குகளுக்கு நடுவே நடந்து, கடைசி செலக்டரிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு போக வேண்டும். வேறு எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்திருந்தால் அங்கே ட்யூட்டியில் இருப்பவரைக் கூப்பிட்டு மிச்சத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நடுவில் அவன் வைத்துவிட்டால் செலக்டர்கள் எல்லாம் விடுபட்டுவிடும், தடமும் போய்விடும். 1984ல் சி-டாட் என்கிற அரசு ஆய்வு மையம் தொடங்கி டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் பரவிய பிறகு இந்தக் கதை முடிந்தது. இன்று கூப்பிடுகிறவரின் எண் மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது, ஒரு நொடி பேசினாலும் பதிவு இருக்கும். இன்றைய சிக்கல் வேறு: வருகிற எண்ணே பொய்யாக இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு இந்திய எண் போல வேஷம் போட்டுக்கொண்டு வரும். அதைத் தடுக்க மத்திய தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்திலேயே 1.35 கோடி போலி அழைப்புகளைக் கண்டுபிடித்ததாகச் சொன்னது. இதை வைத்து நல்ல கதையே எழுதலாம். சீரியல்காரர்கள் இன்னும் ஸ்ட்ரோஜர் ரேக்குக்கு நடுவிலேயே நிற்கிறார்கள்.

அடுத்தது டவர் லொகேஷன். வரைபடத்தில் சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டு தெருத்தெருவாக நகரும், போலீஸ் ஜீப் நேராக அந்தக் கதவில் போய் நிற்கும். டவருக்குத் தெரிவது அவ்வளவு இல்லை. ஒரு டவரில் சாதாரணமாக மூன்று பக்கமாக ஆன்டெனா வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றும் 120 டிகிரியைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் போன் எந்த டவரின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதுதான் பதிவாகும். பழைய 2ஜியில் தூரத்தைக் கணக்கிடும் அளவுகூட சுமார் 550 மீட்டருக்கு ஒரு படி. வியாசர்பாடி மாதிரி நெருக்கமான இடத்தில் அந்த ஒரு பக்கத்துக்குள் பல நூறு குடித்தனம் வந்துவிடும். ஹவுசிங் போர்டு பிளாக்கில் ஆள் மூன்றாவது மாடியில் இருக்கிறானா தரைத்தளத்தில் இருக்கிறானா என்று டவர் சொல்லாது. துல்லியமான இடம் போனுக்குள் இருக்கும் ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியும், கூகுள் மேப்ஸ் மாதிரி நாம் அனுமதி கொடுத்த ஆப்புகளுக்கும் அது தெரியும். போன் கம்பெனிக்குத் தெரிவதையும் ஆப்புக்குத் தெரிவதையும் சீரியல் ஒன்றாகவே போட்டுக் குழப்பிவிடுகிறது.

"போன மாசம் அவ யார்கிட்ட என்ன பேசினான்னு எடு" என்ற வசனமும் அப்படித்தான். கம்பெனி வைத்திருப்பது சி.டி.ஆர். என்கிற அழைப்புப் பட்டியல். யார் யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த டவர், ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ என்கிற அடையாள எண் என்ன, இவ்வளவுதான் அதில் இருக்கும். 2021 டிசம்பருக்குப் பிறகு இதைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. பேச்சு அதில் இருக்காது. ஒருவர் பேச்சை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளர் மட்டத்தில் எழுத்து உத்தரவு வேண்டும், அதுவும் உத்தரவு வந்த பிறகு பேசுவதைத்தான் கேட்க முடியும். முடிந்துபோன பேச்சை எடுத்துக் கொடுக்க யாராலும் ஆகாது. கதாநாயகியின் சித்தப்பா பையனுக்கு "கம்பெனியில ஒரு ஃபிரெண்டு" இருந்தாலும் ஆகாது.

லேப்டாப்பில் பச்சை எழுத்து ஓட, வில்லன் பத்து விநாடியில் அடுத்தவர் போனுக்குள் புகுந்துவிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொடாமலேயே போனுக்குள் புகும் உளவு மென்பொருள் உலகத்தில் உண்டு, 2021ல் பெகாசஸ் செய்திகளில் பார்த்தோம். அது மிக விலை உயர்ந்த ஆயுதம். பேச்சு அடிபட்டதெல்லாம் பத்திரிகையாளர்கள், அரசியல்வாதிகள் பெயர்களோடு. பேரக்ஸ் ரோட்டில் கடை வைத்திருப்பவருக்கு எதிராக அதை யாரும் எடுக்க மாட்டார்கள். அவருடைய பணம் போவது அவர் கையாலேயே: வாட்ஸ்அப்பில் "கல்யாணப் பத்திரிகை" என்று வந்த, ஆப்பை நிறுவிவிடும் ஏபிகே ஃபைலைத் திறப்பார், கஸ்டமர் கேர் என்று பேசியவன் சொன்னதைக் கேட்டு ஸ்கிரீனைப் பகிரும் ஆப்பைப் போடுவார், ஓடிபியைப் படித்துச் சொல்வார். இந்த விஷயத்தை உண்மைக்குப் பக்கமாகக் காட்டிய தொடர் என்றால் 2020ல் வந்த 'ஜாம்தாரா'வைச் சொல்வேன். ஜார்க்கண்டில் சாதாரண போன்களை வைத்துக்கொண்டு பையன்கள் பேசியே பணம் பிடுங்குவதுதான் கதை. அதில் கம்ப்யூட்டர் வித்தையைவிட வாய் வித்தைதான் அதிகம். நிஜமும் அதுதான்.

கோர்ட் சீனையும் ஒரு வார்த்தை. கடைசி நிமிடத்தில் மொபைலைத் தூக்கிக் காட்டி வீடியோவை ஓடவிட்டதும் வழக்கு முடிந்துவிடும். நிஜத்தில் மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுக்க ஒரு சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, 2024 ஜூலை 1லிருந்து புதிய சட்டத்தின் 63ஆவது பிரிவு. அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020ல் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. இதை நான் சொல்வதற்குக் காரணம், பலர் வீடியோவை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, மூலப் பதிவு இருந்த போனைக் கடையில் கொடுத்துப் புதுப் போன் வாங்கிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். மூலம் இருக்கும் போன் முக்கியம்.

சரி, இதெல்லாம் இயந்திரத்தைப் பற்றிய பிழைகள். எரிச்சல் வரும், பெரிய கேடு இல்லை. டாக்டர்கள் சீரியல் ஆபரேஷனைப் பார்த்துச் சிரிப்பதைப் போல நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். சீரியல் சரியாகப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் போன் யாருக்கும் சொந்தமில்லை என்பதை அவர்கள் நன்றாகவே காட்டுகிறார்கள். மருமகள் குளிக்கப் போன நேரத்தில் நாத்தனார் போனை எடுப்பது, வந்த காலுக்கு "அவ தூங்கறா" என்று பதில் சொல்வது, மெசேஜைப் படித்துவிட்டு அழித்துவிடுவது, இதெல்லாம் மிகையே இல்லை. என்னிடம் "என் போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க சார்" என்று கொண்டுவந்தவர்களில் பலருக்கு, வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைத் திறந்து காட்டினால் அங்கே ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும். ஒரு நிமிடம் போனைக் கையில் வாங்கியவர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்திருப்பார். அவர் ரஷ்யாவில் இருக்க மாட்டார், அடுத்த அறையில் இருப்பார்.

என் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல, சீரியல் எப்படித் தயாராகிறது, எப்படிப் பார்க்கப்படுகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். வாரத்துக்கு ஆறு நாள், சில சமயம் ஏழு நாளும் வர வேண்டும். ஒரு வீடு, ஒரு ஆஸ்பத்திரி அறை, ஒரு ஆபீஸ், ஒரு கோயில் வாசல். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். கீரை ஆய்ந்துகொண்டு, துணி மடித்துக்கொண்டு, அடுப்படியிலிருந்து காதை மட்டும் ஹாலுக்கு அனுப்பிவைத்துக் கேட்கிறார்கள். அதனால்தான் சீரியலில் யாருக்காவது மெசேஜ் வந்தால் அவர் அதை வாய்விட்டுப் படிக்கிறார். போன் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் சொல்வதைத் திருப்பிச் சொல்கிறார். வில்லி தன் திட்டத்தைத் தனியாக நின்று போனிலேயே முழுசாக விளக்குகிறார், கதவுக்குப் பின்னால் ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்கிறார். முன்பு கடிதத்தைப் பிரித்துப் படிப்பதும் ஜன்னலில் ஒட்டுக்கேட்பதும் செய்த வேலையைத்தான் இப்போது போன் செய்கிறது. ஆள் மாறினால் "இவருக்குப் பதில் இவர்" என்று போடுவது போல, கடிதத்துக்குப் பதில் கைப்பேசி.

இதன் விளைவு ஒன்று உண்டு. சத்தம் போடாத எதையும் இந்த வடிவத்தால் காட்ட முடியாது. போன் நம் வீடுகளில் செய்திருக்கும் மாற்றங்களோ பெரும்பாலும் சத்தமில்லாதவை. நாலு பேர் ஒரே ஹாலில் உட்கார்ந்து நாலு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதை இருபது நிமிடம் காட்டினால் யார் பார்ப்பார்கள்? ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் ரம்மி ஆடும் ஆளுக்கு வசனமே கிடையாது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2022ல் சட்டம் இயற்றி, 2023ல்தான் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. இத்தனை ஆண்டுச் சண்டைக்குப் பின்னால் எத்தனை குடும்பங்கள் இருந்திருக்கும்! சீரியலில் கடன் வாங்கி அழியும் அப்பா இன்னும் சீட்டுக்கட்டையும் பாட்டிலையும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சீரியலில் வட சென்னை ஆள் என்றால் லுங்கி, பட்டன் போன், "வேலைய முடிச்சிட்டேன் அண்ணே" என்று ஒரு வரி, அதோடு சரி. ஆனால் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர் ஜிபிஎஸ், விஎச்எஃப் வயர்லெஸ், மீன் கூட்டத்தைக் காட்டும் எக்கோ சவுண்டர் மூன்றையும் வைத்துக்கொண்டு தொழில் செய்கிறார். வலை போடும் இடங்களின் புள்ளிகளை அடுத்த படகுக்காரருக்குச் சொல்லாமல் காப்பாற்றுவதிலேயே ஒரு சீரியலுக்கான சூழ்ச்சி இருக்கிறது. ரேஷன் கடையில் 2020 அக்டோபரிலிருந்து கைரேகை வைக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்த பாட்டிக்கு ரேகையே தேய்ந்துபோயிருக்கிறது, கருவி "மறுபடி வையுங்கள்" என்கிறது, பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. எம்.சி. ரோட்டில் துணிக்கடையிலிருந்து வேலையை விட்டு உணவு டெலிவரிக்குப் போன பையன் ஸ்டார் குறைந்துவிடுமோ என்று சிக்னலைத் தாண்டுகிறான். தொழில்நுட்பம் மனிதரை என்ன செய்கிறது என்று கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது இவைதான். ஒன்றுகூட வில்லன் தேவைப்படாத கதை. அதுவே காரணம் என்று நினைக்கிறேன். சீரியலுக்கு ஒரு முகம் வேண்டும். கெட்ட எண்ணம் கொண்ட ஒருவர் போனைக் கையில் எடுத்தால் அது ஆயுதம், நல்லவர் கண்டுபிடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இப்போது உங்கள் அம்மா பார்த்த மார்ஃபிங் கதைக்கு வருகிறேன். அப்படி ஒன்று நடக்குமா என்றால் நடக்கும், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்து முதலில் அப்படி மாட்டியவர் கல்லூரிப் பெண் இல்லை, ஆட்டோ ஓட்டுகிறவர். லோன் ஆப்பில் சில ஆயிரம் வாங்கியிருந்தார். தவணை தள்ளிப்போனதும் அவர் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டி, போனில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். அவருடைய காண்டாக்ட் பட்டியலை எடுக்க ஆப் அனுமதி கேட்டது, அவர் சரி என்று தட்டியிருந்தார். கடன் கொடுக்கும் ஆப்புகள் காண்டாக்ட், படங்கள் எதையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வழிமுறை கொடுத்தது. உரிமம் இல்லாத ஆப்புகள் அதையெல்லாம் எங்கே மதிக்கின்றன!

சீரியலில் என்ன ஆகிறது என்று பாருங்கள். பெண் மிரட்டப்படுகிறாள். யாரிடமும் சொல்வதில்லை. நகையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், மறுபடி மிரட்டுகிறான், சந்தேகப்படுகிற மாமியார், தப்பாக நினைத்துக்கொள்ளும் கணவன், இப்படியே மாதக்கணக்கில் போகும். அவள் முதல் நாளே வீட்டில் சொல்லிவிட்டால் மறுநாள் எபிசோட் இல்லை. ஆக, கதை ஓட வேண்டும் என்பதற்காக அவள் வாயை மூடிவைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர் மனதில் பதிவதோ, இப்படி ஒன்று நடந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் ஒரு பெண் செய்யக்கூடியது என்று. முடிவில் கதாநாயகன் வில்லனின் போனைப் பிடுங்கித் தரையில் அடித்து உடைப்பான், வீடியோ ஒழிந்தது என்பார்கள். ஒரு போனை உடைத்தால் ஒரு படமும் அழியாது. டவரைப் பற்றிய பிழையை நான் மன்னித்துவிடுவேன். இதை மன்னிக்க முடியவில்லை, ஏனென்றால் இங்கே மௌனம்தான் மிரட்டுகிறவனின் முழு மூலதனம்.

உண்மையில் செய்யக்கூடியவை இவை. பணம் கொடுக்கக்கூடாது. மெசேஜ், எண், வங்கி விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும், அழித்துவிடக்கூடாது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணம் கைமாறும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. ஒருவரின் அந்தரங்கப் படத்தை அனுமதியின்றி எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை தரும் குற்றம். ஆபாசப் படமாகப் பரப்பினால் 67, 67ஏ பிரிவுகளும் சேரும். இத்தகைய படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரே புகார் கொடுத்தால் சமூக ஊடக நிறுவனங்கள் நீக்கியாக வேண்டும். 2021ல் வந்த விதிகள் அதற்கு 24 மணி நேரம் என்று கெடு வைத்தன, மார்ஃபிங் செய்த படமும் இதில் அடங்கும். அப்புறம் ஸ்டாப்என்சிஐஐ என்று ஒரு சேவை 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, 18 வயது நிரம்பியவர்களுக்கு. அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி எண் உருவாகி, அந்த எண் மட்டும், இந்தச் சேவையில் சேர்ந்திருக்கும் நிறுவனங்களுக்குப் போகும். அதே படம் அங்கே ஏறினால் அடையாளம் கண்டு எடுத்துவிடுவார்கள். கொஞ்சம் மாற்றிய படமானால் தப்பிவிடலாம், சேராத தளங்களில் பயனில்லை, டெலிகிராமில் உள்ளுக்குள் சுற்றுவதை நிறுத்தாது. முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நகையைக் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட நூறு மடங்கு மேல்.

இனி சந்தேகமான பகுதி. நாடகம் பார்ப்பதால் மனிதர்கள் மாறுகிறார்களா? இதில் உறுதியாகப் பேசுகிறவர்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தே கேளுங்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர் 1970களில், டிவியை நிறையப் பார்க்கிறவர்கள் உலகத்தை நிஜத்தைவிட ஆபத்தானதாக நினைக்கிறார்கள் என்று காட்டினார். உங்கள் சந்தேகத்துக்கு அப்படியே பொருந்துகிறது, இல்லையா? ஆனால் 1979ல் கனடாவின் டொராண்டோவில் டூப், மெக்டொனால்ட் என்ற இருவர் ஒரு கேள்வி கேட்டார்கள்: நிறைய டிவி பார்க்கிறவர்கள் குற்றம் அதிகமான பகுதியில் குடியிருந்தால்? அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது டிவிக்கும் பயத்துக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் கரைந்துபோனது, குற்றம் அதிகமான நகரப் பகுதியில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. உங்கள் அம்மாவுக்கு இதை வைத்து யோசியுங்கள். அவர் பயம் சீரியலிலிருந்து வந்ததா, பக்கத்து வீட்டில் யாருக்கோ பணம் போனதைக் கேட்டதிலிருந்து வந்ததா? இரண்டும் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும். ஒருமுறை கேட்டுப் பாருங்கள். "அந்த சீரியல்ல" என்று ஆரம்பித்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் ஒரு தெரிந்தவர் பெயர் வரும் என்பது என் எதிர்பார்ப்பு.

போலீஸ் நாடகங்களைப் பற்றியும் இப்படி ஒரு சர்ச்சை நடந்தது. 2000த்தில் தொடங்கிய 'சிஎஸ்ஐ' தொடரைப் பார்த்துவிட்டு, அங்கே வழக்கில் தீர்ப்புச் சொல்ல அழைக்கப்படும் பொதுமக்களான ஜூரர்கள் எல்லா வழக்கிலும் டிஎன்ஏ, கைரேகை எதிர்பார்க்கிறார்கள், இல்லையென்றால் விடுதலை செய்துவிடுகிறார்கள் என்று அரசு வழக்கறிஞர்கள் புலம்பினார்கள். மிச்சிகனில் டொனால்ட் ஷெல்டன் என்ற நீதிபதியும் இரண்டு ஆய்வாளர்களும் 2006ல் ஆயிரம் பேர் அளவில் ஜூரர்களாக அழைக்கப்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். தொடரைப் பார்க்கிறவர்களின் எதிர்பார்ப்பு சற்று அதிகம்தான். ஆனால் தீர்ப்பில் அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாடகத்தைவிட, நாட்டில் தொழில்நுட்பம் பெருகியதே எதிர்பார்ப்பை ஏற்றியிருக்கலாம் என்றார்கள். நம் ஊரிலும் அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. போன் தொலைந்தவர் ஸ்டேஷனில் "டவர் வெச்சுப் பாருங்க சார்" என்று அவசரப்படுத்துவதற்குச் சீரியல் மட்டும் காரணமில்லை, மேப்ஸில் தன் நீலப் புள்ளியை அவரே தினமும் பார்க்கிறார்.

நாடகத்தால் நன்மை என்று காட்டிய ஆய்வும் உண்டு, அதில் தமிழ்நாடும் இருக்கிறது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் இருவரும் 2009ல் வெளியிட்டது. கேபிள் டிவி புதிதாக வந்த கிராமங்களில் மனைவியை அடிப்பது சரி என்று சொல்வது குறைந்ததாகவும், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற விருப்பம் குறைந்ததாகவும் அவர்கள் கண்டார்கள். அதே தரவை மறுபடி அலசிய வேறு இருவர் சில முடிவுகளை ஏற்கவில்லை. அது ஸ்மார்ட்போனுக்கு முந்தைய காலம், கிராமம், எல்லா நிகழ்ச்சிகளும் சேர்ந்த கேபிள். ஆகவே "சீரியல் பார்த்தால் போன் பயம் வருமா" என்ற உங்கள் கேள்விக்கு அதிலிருந்து நேராகப் பதில் எடுக்க முடியாது. டிவி வீட்டுக்குள் கொண்டுவருவது எல்லாமே கெடுதல் என்று பேசுகிறவர்களுக்கு ஒரு மறுப்பாக வைத்துக்கொள்ளலாம்.

இதில் என் சொந்த ஊகம் ஒன்று, ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 'டிஜிட்டல் கைது' மோசடியில் வீடியோ காலில் ஓர் ஆள் சீருடையோடு உட்கார்ந்திருப்பான், பின்னால் கொடி, சின்னம், பக்கத்தில் வாக்கி டாக்கி இரைச்சல். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்லும் அளவுக்கு அது பரவிவிட்டது. படித்த, ஓய்வு பெற்ற அதிகாரிகளே மாட்டினார்கள். அந்த அறை நிஜ ஸ்டேஷன் போல இருக்காது, டிவியில் வரும் ஸ்டேஷன் போல இருக்கும். நிஜ ஸ்டேஷனுக்குள் போகாத நடுத்தர வர்க்கத்துக்குத் தெரிந்த ஸ்டேஷன் அதுதானே! நாடகம் போன் பயத்தைக் கொடுத்தது என்பதைவிட, எந்த அதிகாரக் குரலைக் கேட்டால் நடுங்க வேண்டும் என்று பழக்கிவிட்டது என்பதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

எல்லா நாடகமும் இப்படி என்று சொல்லவில்லை. 2025 மார்ச்சில் வந்த 'அடோலசன்ஸ்' என்ற பிரிட்டன் தொடரைப் பார்த்திருப்பீர்கள், நாலே எபிசோட். ஒரு பதின்மூன்று வயதுப் பையன், ஒரு கொலை. அதில் போனைக் கிட்டத்தட்டக் காட்டுவதே இல்லை. விசாரிக்கும் அதிகாரிக்கு இன்ஸ்டாகிராமில் இருக்கும் ஒரு எமோஜிக்கு என்ன அர்த்தம் என்று தெரியாது, அவருடைய மகனே உட்காரவைத்து விளக்குகிறான். பெற்றவர்கள் பையன் ரூமில்தானே இருக்கிறான், பத்திரம் என்று நினைத்திருந்தார்கள். சத்தமில்லாததைக் காட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதைக் கீரை ஆய்ந்துகொண்டு பார்க்க முடியாது.

ஆக, உங்கள் அம்மா பயப்படுவது வீண் இல்லை. பயப்பட வேண்டிய இடத்தை மட்டும் சீரியல் மாற்றிக் காட்டிவிட்டது. "அதெல்லாம் கதைம்மா" என்று சொல்லி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். கூகுள் பே விஷயத்தில், வீட்டுப் பணம் இருக்கும் கணக்கை இணைக்காமல், வேறொரு கணக்கில் கொஞ்சமாகப் போட்டு அதை மட்டும் இணையுங்கள். சிறு தொகைக்கான யுபிஐ லைட் போட்டுக் கொடுத்தால் ஒரு முறைக்கு 1,000 ரூபாய், மொத்தமாக 5,000 ரூபாய் வரைதான் அதில் வைக்க முடியும். பால், காய்கறிக்கு அது போதும். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ ரகசிய எண் (PIN) ஒருநாளும் தேவையில்லை என்ற ஒரே விதியை மட்டும் அவர் மனதில் பதியவையுங்கள்.

தங்கைக்குப் போன் வாங்கிக் கொடுங்கள். கல்லூரி அறிவிப்பு முதல் ஹால் டிக்கெட் வரை எல்லாமே அதில்தான் வருகிறது. போன் இல்லாவிட்டால் தோழியின் போனில் எல்லாவற்றையும் திறப்பாள், அதுதான் கூடுதல் ஆபத்து. வாங்கிக் கொடுக்கும் அன்றே அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன படம் எங்கே வந்தாலும் முதலில் வீட்டில் சொல்லலாம், யாரும் திட்ட மாட்டோம் என்று அம்மா வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் பாதிதான் ஏறும். வாட்ஸ்அப்பில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, இணைக்கப்பட்ட சாதனங்களை அவ்வப்போது பார்க்கக் கற்றுக்கொடுங்கள். பெட்டியில் இருக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை ஒரு டைரியில் எழுதி வையுங்கள். நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் அடித்தாலும் அது திரையில் வரும். போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து, அந்தப் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணை முடக்கலாம். 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது. போன் திரும்பக் கிடைத்தால் அங்கேயே முடக்கத்தை எடுத்துவிடலாம்.